மிஸ் கூட்ஸுக்கு டிக்கன்ஸ் எழுதிய கடிதங்கள்: விடுதி நடத்துகிறவர்களும் நன்கொடை கொடுப்பவர்களும் படிக்க வேண்டிய பழைய புத்தகம்

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ் என்ற பெரும் பணக்காரப் பெண்மணிக்கு 1841 முதல் 1865 வரை எழுதிய கடிதங்களின் தொகுப்பு இது. நியூயார்க் மார்கன் நூலகத்தில் 500-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, நீண்ட அறிமுகவுரை எழுதிப் பதிப்பித்தவர் எட்கர் ஜான்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். அமெரிக்காவில் 1952-இல் ஒரு தலைப்பிலும், லண்டனில் ஜொனாதன் கேப் வெளியீடாக 1953-இல் வேறொரு தலைப்பிலும் வந்தது. என்னிடம் இருப்பது லண்டன் பதிப்பு. திருவல்லிக்கேணி பாரதி சாலையில் பழைய புத்தகங்கள் விற்கும் நடைபாதைக் கடையொன்றில் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. ஏதோ ஒரு கல்லூரி நூலகத்தின் ஊதா நிற முத்திரை, கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு, ஓரங்களில் இராமபாணப் பூச்சி போட்ட ஓட்டைகள். எழுத்து எதுவும் அழியவில்லை. தாள் பழுத்திருந்தாலும் உடையவில்லை. தையல் உறுதியாக இருக்கிறது. இரண்டு நாள் வெயிலில் காட்டி, பாச்சை உருண்டை போட்டு வைத்தபிறகு வாடையும் போய்விட்டது.

நான் இலக்கிய ஆசிரியை அல்ல. வட சென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்திய பெண்கள் இல்லத்தில் காப்பாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். காவல் நிலையத்திலிருந்தும், நீதிமன்றத்திலிருந்தும், சில நேரம் எழும்பூர் ரயில் நிலைய நடைமேடையிலிருந்தும் எங்களிடம் பெண்கள் வருவார்கள். அரிசி, பருப்பு, பள்ளிக் கட்டணம், பிரசவச் செலவு எல்லாம் நன்கொடையில் நடந்தது. அதனால் நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலையில் பாதி. அந்தக் கண்ணோடுதான் இந்தப் புத்தகத்தைப் படித்தேன். எனக்குத் தெரிந்தவரை, பணம் கொடுக்கும் ஒருவருக்கும் அந்தப் பணத்தில் வேலை செய்யும் ஒருவருக்கும் நடுவில் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

முதலில் அந்த அம்மையாரைப் பற்றி. 1814-இல் பிறந்தவர். தந்தை சர் பிரான்சிஸ் பர்டெட், நாடாளுமன்றத்தில் தீவிரச் சீர்திருத்தம் பேசியவர். தாய்வழிப் பாட்டனார் தாமஸ் கூட்ஸ், லண்டனின் புகழ்பெற்ற வங்கியாளர். 1837-இல், 23 வயதில், பாட்டனாரின் சொத்து இவர் கைக்கு வந்தது. சுமார் 18 லட்சம் பவுன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அரச குடும்பத்துக்கு வெளியே அவ்வளவு செல்வம் உள்ள பெண்ணைக் காண்பது அரிது. வாசலில் ஒரு பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள், மறுபக்கம் உதவி கேட்டு வரும் கடிதங்கள். அந்த இரண்டாவது குவியலைப் பிரித்துப் பார்க்க அவருக்கு நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. அப்போது டிக்கன்ஸ் புகழின் உச்சியில் இருந்த நாவலாசிரியர். வாரப் பத்திரிகை, நாவல், நாடகம், பத்துக் குழந்தைகள் கொண்ட குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த வேலையையும் சம்பளம் வாங்காமல் செய்தார். உதவி கேட்டு எழுதியவரின் வீட்டை விசாரிப்பார், சொன்னது உண்மையா என்று பார்ப்பார், எவ்வளவு கொடுத்தால் போதும் என்று எழுதுவார்.

அம்மையாரும் சும்மா இருக்கவில்லை. டிக்கன்ஸின் மூத்த மகன் சார்லியை ஈட்டன் பள்ளியில் படிக்க வைத்தவர் அவர்தான். அந்தப் பையனின் பிறந்த நாள் ஜனவரி 6, கிறிஸ்துமஸ் பருவம் முடியும் நாள். அதற்கு ஆண்டுதோறும் பெரிய கேக் அனுப்புவார். குடும்பம் இத்தாலியின் ஜெனோவாவில் இருந்தபோது 90 ராத்தல் எடையுள்ள கேக் கப்பலேறிப் போயிருக்கிறது. வழியில் சர்க்கரை அலங்காரம் உடைந்துபோக, ஒரு சுவிஸ் பேக்கரிக்காரர் அதைச் சரிசெய்து கொடுத்தாராம். 1844-இல் முடிந்த நாவலை டிக்கன்ஸ் இந்த அம்மையாருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

இப்போது கடிதங்களுக்கு வருகிறேன். 1843 செப்டம்பர் 16 தேதியிட்ட கடிதம் ஒன்று இருக்கிறது. லண்டனில் ஃபீல்ட் லேன் என்ற சந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக நடத்தப்பட்ட பள்ளிக்கு மிஸ் கூட்ஸுக்காகப் போய்ப் பார்த்துவிட்டு எழுதியது. லண்டனிலும் வெளியூர்களிலும் எத்தனையோ பயங்கரங்களைப் பார்த்திருந்தும், இந்தப் பிள்ளைகளின் உடலும் மனமும் கைவிடப்பட்டுக் கிடப்பதைப் போன்ற அதிர்ச்சியை மிக அரிதாகத்தான் கண்டிருக்கிறேன் என்கிறார். அதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் கைகால் கழுவ இடம் உண்டா, தண்ணீருக்கு என்ன செலவாகும் என்று பள்ளியை நடத்தியவர்களிடமே விசாரித்தார். மனம் உருகி எழுதுகிறவர்கள் ஏராளம். உருகிய கையோடு தண்ணீர்த் தொட்டிக்கு விலை கேட்கிறவர் குறைவு. அந்த ஆண்டு டிசம்பரில்தான் அவருடைய புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதை வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புத்தகத்தின் உயிர் 1846 மே 26 கடிதத்தில் இருக்கிறது. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். தெருவில் உடலை விற்று வாழ நேர்ந்த பெண்களுக்கும், சிறையிலிருந்து வெளிவரும் பெண்களுக்கும் ஓர் இல்லம் தொடங்குவதற்கான முழுத் திட்டத்தையும் அதில் விவரிக்கிறார். உள்ளே வருகிறவளிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும்? அவள் விழுந்துவிட்டாள், ஆனால் தொலைந்துவிடவில்லை என்று சொல்ல வேண்டும். மீளும் வழி இனி அவள் கையில்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தண்டிக்க வந்த இடமாக அது அவளுக்குத் தோன்றக் கூடாது.

அதில் ஒரு பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பெண்களில் பலர் சில காலம் நன்றாகவே இருப்பார்கள். பிறகு ஒருநாள் எந்தக் காரணமும் தெரியாமல் ஆவேசம் வந்து, இப்போதே வெளியே போக வேண்டும் என்று நிற்பார்கள். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையே அவர்களுக்குள் அப்படி ஒரு தவிப்பை வைத்திருக்கிறது என்று எழுதுகிறார் டிக்கன்ஸ். அதற்கு அவர் சொல்லும் வழி என்ன தெரியுமா? போக வேண்டும் என்று கேட்டால் 24 மணி நேரம் கழித்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். பூட்டி வைக்கவும் கூடாது, உடனே அனுப்பிவிடவும் கூடாது. இடையில் ஓர் இரவு வேண்டும்.

எங்கள் இல்லத்தில் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! மாலை ஆறு மணிக்கு, விளக்கு வைக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் தொடங்கும். தையல் வகுப்பில் நன்றாகத் தைத்துக்கொண்டிருந்த பெண், ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து வந்து, "அக்கா, கேட்டைத் திறங்கள், நான் போகிறேன்" என்பாள். காரணம் கேட்டால் அவளுக்கே தெரியாது. எங்கள் மூத்த காப்பாளர் ஒருவர் செய்த வைத்தியம், சோறு போட்டு உட்கார வைப்பது. "சாப்பிட்டுவிட்டுப் போ, காலையில் பஸ்ஸுக்கு நானே காசு தருகிறேன்" என்பார். காலையில் பெரும்பாலானவர்கள் போகமாட்டார்கள். அவர் டிக்கன்ஸைப் படித்தவர் அல்ல. லண்டனில் தொடங்கப்படாத ஓர் இல்லத்துக்கு முன்கூட்டியே இந்த விதியை எழுத, டிக்கன்ஸ் அந்தப் பெண்களை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்க வேண்டும் என்று வியந்தேன்.

இல்லம் 1847 நவம்பரில் திறக்கப்பட்டது. லண்டனின் மேற்கே ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில், லைம் குரோவில் ஒரு தோட்ட வீடு. பெயர் யுரேனியா காட்டேஜ். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தங்குகிற அளவுதான். சமையல், ரொட்டி சுடுதல், துவைத்தல், தையல், படிப்பு. ஒவ்வொருத்திக்கும் தனிக் கட்டில், பூச்செடி வளர்க்கத் துண்டு நிலம். ஜான் ஹல்லா என்ற இசையாசிரியரின் முறையில் பாட்டும் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுத் தேறியவர்களை ஆஸ்திரேலியா போன்ற தூர தேசங்களுக்கு அனுப்பிப் புது வாழ்க்கை தொடங்கச் செய்வது நோக்கம். கட்டில் வாங்குவதிலிருந்து சாக்கடை சரிபார்ப்பது வரை டிக்கன்ஸே பார்த்திருக்கிறார்.

ஒவ்வொரு பெண்ணின் பூர்வகதையையும் அவரே தனியாகக் கேட்டு ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தார். அதற்குப் பிறகு மேட்ரனோ, வருகை தருகிறவர்களோ அந்தப் பழைய கதையை அவளிடம் கிளறக் கூடாது. அவளும் மற்றவர்களிடம் சொல்லக் கூடாது. இந்த ஒரு விதிக்காகவே இந்தப் புத்தகத்தை நம் ஊரில் இல்லம் நடத்துகிற ஒவ்வொருவர் மேசையிலும் வைக்க வேண்டும். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு வருகிறவர்கள், நல்ல மனதோடுதான், பத்துப் பேர் நடுவில் ஒரு பெண்ணின் மோவாயைத் தொட்டு, "நீ எப்படி அம்மா இங்கே வந்தாய்?" என்று கேட்பார்கள். அந்தப் பெண் தரையைப் பார்ப்பாள். அந்த நிமிடத்தில் அவள் வாங்கிய இனிப்பை அன்றைக்குச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மதிப்பெண் முறை எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் நார்ஃபோக் தீவில் கைதிகளுக்காக மெக்கானகி என்ற கப்பல் படை அதிகாரி கொண்டுவந்த முறையை டிக்கன்ஸ் எடுத்துக்கொண்டார். உண்மை பேசுதல், உழைப்பு, கோபம் அடக்குதல், பேச்சும் நடத்தையும், நிதானம், ஒழுங்கு, நேரம் தவறாமை, சிக்கனம், சுத்தம் என ஒன்பது தலைப்பில் தினமும் மதிப்பெண். தவறு செய்தால் சிவப்பு மையில் கழித்தல். சேர்ந்த மதிப்பெண் பணமாக மாறி, அவள் வெளியேறும்போது கையில் கிடைக்கும். பணம் சேர்வது நல்லதுதான். ஆனால் கோபத்துக்குத் தினமும் மதிப்பெண் போட்டால், கோபத்தை மறைக்கத்தான் பெண்கள் கற்றுக்கொள்வார்கள். மறைத்த கோபம் மாலை ஆறு மணிக்கு வெளியே வரும்.

உடையின் நிறம் பற்றி 1856 நவம்பரில் எழுதிய கடிதம் சிறியது, ஆனால் பெரிய விஷயம். பெண்களின் உடைக்கென்று அம்மையார் ஒரு துணியை அனுப்பிக் கருத்துக் கேட்கிறார். துணி உறுதியானதுதான், ஆனால் செத்துப்போன நிறம் என்று திருப்பி அனுப்புகிறார் டிக்கன்ஸ். இந்த மக்களுக்கு நிறம் வேண்டும், அதைக் கற்பனையின் உறவாக எண்ணி நான் எப்போதும் கொடுப்பேன் என்கிறார். கோடீஸ்வரி அனுப்பிய துணியை வேண்டாம் என்று சொல்ல அவர் தயங்கவில்லை. நம் ஊரில் நினைத்துப் பாருங்கள். மெரினா கடற்கரை எதிரே ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளை வைத்துப் படிக்கவைத்த காலத்தில், எட்டுப் பத்து வயதில் தாலி அறுத்த குழந்தைகளுக்கு ஊர் விதித்திருந்த உடை என்ன? முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாற்றில் அவ்வை இல்லத்தை வளர்த்தபோது, ஊர் எந்தப் பெண்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியதோ அவர்களைத்தான் உள்ளே அழைத்தார். இவர்கள் இருவரின் வேலையையும் அறிந்த சென்னைக்காரர்களுக்கு, அந்தத் துணிக் கடிதத்தில் நிறம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் வெற்றி என்று அவர் எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பாதாளப் பீர் அறையை உடைத்துத் திறந்தவர்களைப் பற்றி எழுதுகிறார். ஓடிப்போனவர்களைப் பற்றி எழுதுகிறார். ஒருத்தியைப் பற்றி, இவள் இரண்டு வாரத்தில் ஒரு கன்னிமாடத்தையே கெடுத்துவிடுவாள் என்கிறார். தம் பத்திரிகையில் 1853-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி அதுவரை வந்த 56 பேரில் 30 பேர் வெளிநாடு சென்று நல்ல வேலையில் அமர்ந்தார்கள், அவர்களில் 7 பேருக்குத் திருமணமும் ஆகியிருந்தது. மற்றவர்கள் தாமாகப் போனவர்கள், அனுப்பப்பட்டவர்கள், ஓடியவர்கள், கப்பலிலேயே பழைய வழிக்குத் திரும்பியவர்கள். பாதிக்குச் சற்று மேல். இந்த வேலையில் அது மிக நல்ல கணக்கு. அதை மறைக்காமல் சொன்னதால்தான் அம்மையார் தொடர்ந்து பணம் கொடுத்தார் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கட்டுரையை டிக்கன்ஸின் பத்திரிகைகளுக்கென்று இருக்கும் இணையக் காப்பகத்தில் இலவசமாகப் படிக்கலாம். புத்தகம் கிடைக்காதவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள்.

1849-இல் இசபெல்லா கார்டன் என்ற பெண்ணை வெளியேற்றிய நாளைப் பற்றிய கடிதம் தனியாகச் சொல்ல வேண்டியது. அவள் மற்றப் பெண்களைத் தூண்டிவிட்டு இல்லத்தையே குலைக்கிறாள். விசாரணை நடக்கிறது, வெளியேற்ற முடிவு செய்கிறார்கள், கையில் அரைக் கிரவுன் நாணயம் ஒன்று கொடுத்து அனுப்புகிறார்கள். அதுவரை திமிராக நின்றவள், உண்மையிலேயே கதவு திறந்ததும் அழுகிறாள். வெளியே போய்ச் சுவரில் ஓரிரு நிமிடம் சாய்ந்து நிற்கிறாள். மனம் இரங்கினால் மற்றவர்களைக் காப்பாற்ற முடியாது. ஆகவே இரங்கவில்லை என்கிறார் டிக்கன்ஸ். பிறகு அவர்கள் வண்டியில் திரும்பும்போது, அந்தச் சந்தில் அவள் சால்வையால் முகத்தைத் துடைத்தபடி மெல்ல நடந்து போவதைப் பார்க்கிறார்கள். இவ்வளவு நிராதரவான ஒன்றை நான் கண்டதே இல்லை என்று எழுதுகிறார்.

யாருக்கு எழுதுகிறார் என்று பாருங்கள். அந்த இல்லத்துக்குப் பணம் போடுகிறவருக்கு. 'ஒழுங்கு நடவடிக்கை காரணமாக ஒருவர் நீக்கப்பட்டார்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். எங்கள் அறிக்கைப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. நீக்கப்பட்டோர் எண்ணிக்கை என்று எழுதினால் போதும். டிக்கன்ஸ் அந்தச் சால்வையையும் சேர்த்து எழுதினார். கொடுத்த பணம் என்ன செய்தது என்பதோடு, அது என்ன செய்ய முடியவில்லை என்பதையும் கொடுத்தவர் அறிய வேண்டும் என்று அவர் கருதியிருக்கிறார். ஆழ்வார்பேட்டையில் எங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிய ஒரு பாட்டி இருந்தார். ரசீது வேண்டாம், அந்த மாதம் யார் வந்தாள், யார் போனாள் என்று எழுது என்பார். நான்கு பக்கம் எழுதினாலும் போதாது அவருக்கு. போனவள் பெயரை அடுத்த மாதமும் கேட்பார். அப்படிப்பட்ட நன்கொடையாளர் அமைந்தால்தான் அப்படிப்பட்ட கடிதம் எழுத முடியும். மிஸ் கூட்ஸ் அப்படிப்பட்டவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

'இருந்திருக்க வேண்டும்' என்று ஊகிக்கத்தான் முடிகிறது. இந்தப் புத்தகத்தின் பெருங்குறை அதுதான். பதிப்பாசிரியரைச் சொல்லிப் பயனில்லை. 1860 செப்டம்பரில் டிக்கன்ஸ் தம் காட்ஸ் ஹில் வீட்டுத் தோட்டத்தில், அதுவரை தமக்கு வந்த கடிதங்களையெல்லாம் போட்டுக் கொளுத்திவிட்டார். அதில் அம்மையாரின் கடிதங்களும் போயின. ஒரு பக்கம் மட்டும் பேசுகிற உரையாடலைத்தான் நாம் கேட்கிறோம். அந்தப் பெண்களுக்குத் திருமண வாழ்வு என்ற நம்பிக்கையைக் காட்டலாமா என்பதில் அம்மையாருக்குத் தயக்கம் இருந்தது என்பது டிக்கன்ஸின் பதிலிலிருந்து தெரிகிறது. என்ன சொல்லித் தயங்கினார்? பணமும் முடிவும் அவருடையவை; குரல் மட்டும் எரிந்து போயிற்று. அவரோடு வாழ்ந்த தோழி ஹானாவின் கருத்துகளும் அப்படியே, பதில்களின் இடுக்கில்தான் எட்டிப் பார்க்கின்றன. இந்த ஒரு காரணத்தால் நான் இதை முழுமையான நூல் என்று சொல்லமாட்டேன்.

வேறு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிமியப் போரின்போது துருக்கியின் ஸ்குட்டாரியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்கு ஈரத் துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றை அம்மையார் செய்யச் சொல்லி அனுப்பியது பற்றிய கடிதங்கள் சுவையானவை. ஐப்பசி மழையில் நாற்பது பேரின் துணியைக் காயவைத்தவர்களுக்கு அந்த இயந்திரத்தின் அருமை தெரியும். ஏழைகளுக்கு வீடு கட்டுவது பற்றி 1852-இல் கொடுத்த யோசனையும் கவனிக்கத்தக்கது. சிறு சிறு வீடுகளாகப் பரப்பாமல் மாடிக் குடியிருப்பாகக் கட்டினால் தண்ணீர், சாக்கடை, வெளிச்சம் எல்லாம் ஒழுங்காகக் கொடுக்கலாம், நகரமும் இப்படி வீங்காது என்கிறார். அம்மையார் பின்னால் கிழக்கு லண்டனில் கொலம்பியா சதுக்கத்தில் அப்படித்தான் கட்டினார். மாடி மட்டும் கட்டினால் போதாது, வேலை கிடைக்கும் இடத்துக்கு அருகில் கட்ட வேண்டும் என்பதைக் சென்னைக் குடிசைவாசிகளை ஊருக்கு வெளியே குடியமர்த்திய கண்ணகி நகரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வீட்டு வேலைக்கு வரும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். விருந்து அழைப்பு, பயண ஏற்பாடு பற்றிய சிறு குறிப்புகளைத் தாண்டிப் போகலாம்.

ஒரு கடிதத்தைத் தாண்டிப் போக முடியாது. 1857 அக்டோபர் 4. சிப்பாய்க் கிளர்ச்சியின்போது கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட செய்தி லண்டனை எட்டியிருந்த நேரம். டிக்கன்ஸின் இரண்டாவது மகன் வால்டர், 16 வயதுப் பையன், மிஸ் கூட்ஸின் செல்வாக்கால் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இடம் பெற்று அந்தக் கோடையில்தான் இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தான். இந்தியாவின் தலைமைத் தளபதியாக நான் இருந்தால், அந்தக் கொடுமைகளின் கறை படிந்த இனத்தைப் பூண்டோடு அழிக்க என்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்று அவர்கள் மொழியிலேயே அறிவிப்பேன் என்று எழுதுகிறார். இதே அம்மையாருக்கு. இசபெல்லாவின் சால்வையைப் பற்றி எழுதிய அதே கையால்.

எனக்குக் கோபம் வந்தது, துக்கமும் வந்தது. மகனைப் போர் நடக்கும் நாட்டுக்கு அனுப்பிய தந்தையின் பயம் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது ஓர் இனத்தையே அழிக்கச் சொல்வதற்கு நியாயமாகாது. அப்படிச் செய்யப் புறப்பட்டவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். சென்னைப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் நீல், அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைத் தூக்கிலிட்டுக்கொண்டே போனவன். டிக்கன்ஸ் இந்தக் கடிதத்தை எழுதுவதற்குச் சில நாட்கள் முன்பு, செப்டம்பர் 25 அன்று லக்னோவில் கொல்லப்பட்டான். அவனுக்கு நம் மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-இல் அதை அகற்றச் சொல்லி இளைஞர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். 1937-இல் ராஜாஜி அரசு அதை எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அந்தச் சிலையைப் பார்த்திருக்கிறவர்கள் இந்தக் கடிதத்தை வெறும் ஆத்திரப் பேச்சு என்று தள்ள முடியாது. தெருவில் நின்ற லண்டன் பெண்ணின் முகத்தை டிக்கன்ஸ் அருகில் போய்ப் பார்த்தார். நம்மவர்களின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, செய்தித்தாளில் படித்தார். அம்மையார் இதற்கு என்ன பதில் எழுதினார் என்பதும் அந்த நெருப்பில் போய்விட்டது. பதிப்பாசிரியர் இந்தக் கடிதத்தை விட்டுவிடாமல் சேர்த்ததற்கு நன்றி சொல்கிறேன்.

1858-க்குப் பிறகு கடிதங்கள் குறைகின்றன. மனைவி கேத்தரினை விட்டுப் பிரிகிறார் டிக்கன்ஸ். மிஸ் கூட்ஸ் சமாதானம் செய்யப் பார்க்கிறார். நீங்கள் சொன்னாலும் முடியாது என்று மறுத்துவிடுகிறார். ஊரார் வீட்டுப் பெண்களுக்கு 24 மணி நேரம் பொறுக்கச் சொன்னவர், தம் வீட்டில் பத்துப் பிள்ளைகள் பெற்றவளுக்கு அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. எனக்கு இதில் கேத்தரின் பக்கம்தான். அம்மையாரும் அவர் பக்கம்தான் சாய்ந்தார் என்று படுகிறது. யுரேனியா காட்டேஜும் 1862 வாக்கில் மூடப்பட்டது. வால்டர் 1863 டிசம்பர் 31 அன்று, 22 வயதில் கல்கத்தாவில் இறந்தான். அந்தத் துக்கத்தை முன்னிட்டாவது கணவனும் மனைவியும் பேசட்டும் என்று அம்மையார் எழுத, அடுத்த பிப்ரவரியில் டிக்கன்ஸ் பதில் எழுதுகிறார்: என் வாழ்வில் எழுத்து இருந்த ஒரு பக்கம் வெறுமையாகிவிட்டது, அதில் ஒரு சொல் இருப்பதாகக்கூட என்னால் பாவனை செய்ய முடியாது என்று. மகனை இழந்த தாய்க்கு ஒரு வரி எழுதச் சொல்லித்தான் அவரைக் கேட்டார்கள்.

வாங்குகிறவர்களுக்கு: இந்த நூல் புதிதாக அச்சில் இருப்பதாகத் தெரியவில்லை, பழைய புத்தகக் கடைகளிலும் இணையத்தில் பழைய நூல் விற்பவர்களிடமும்தான் தேட வேண்டும். 600, 700 ரூபாய் வரை கொடுக்கலாம், அதற்கு மேல் கேட்டால் பொறுத்திருங்கள். ஆங்கிலம் பழைய பாணி, நீண்ட வாக்கியங்கள். முதல் இருபது பக்கம் தள்ளாடும், பிறகு பழகிவிடும். ஆக்ஸ்போர்டு வெளியிட்ட 12 தொகுதி முழுப் பதிப்பில் எல்லாக் கடிதமும் விரிவான குறிப்புகளோடு இருக்கிறது. அது வீட்டில் வைக்கிற நூல் அல்ல, நூலகத்தில் பார்க்க வேண்டியது.

சமூகப் பணி படிக்கும் மாணவிகளுக்காக இதிலிருந்து சில கடிதங்களை யாராவது தமிழில் கொண்டுவந்தால் நல்லது. என் பட்டியல் இது: 1843 ஃபீல்ட் லேன் பள்ளிக் கடிதம், 1846 மே 26 திட்டம், இசபெல்லா வெளியேறிய கடிதம், துணியின் நிறம், ஏழைகளின் குடியிருப்பு, 1864 பிப்ரவரி பதில். 1857 அக்டோபர் 4 கடிதத்தை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பதாக இருந்தால் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் யாராக இருந்தாலும் என் பிரதியைத் தருகிறேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.